மூன்றாவது மீசான் கல்

கவிஞர் மீரானின் நூற்றாண்டு விழாவுக்கு மூன்று நாள்களே எஞ்சியிருந்தன. மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிய பழைய கபர்ஸ்தானில் அவரை அடக்கம் செய்த கபரைக் கண்டறிந்து பளிங்குக் கல் பதிக்கும் பொறுப்பை, இலக்கியப் பேரவை அதன் செயலாளராகிய என்னிடம் ஒப்படைத்திருந்தது. வேப்பமரத்திற்கு மேற்கே நான்காவது கபர் என்று ஒரு பெரியவர் சொல்லியிருந்தார். அங்கே வேப்பமரங்கள் இரண்டு இருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. எண்ணினேன், கல்லைப் பதிக்கச் செய்தேன்.

அன்று மாலை, ரியாத்திலிருந்து விடுப்பில் வந்திருந்த ஷஃபி அங்கு வந்தார். பளிங்கில் பொறித்திருந்த பெயரைப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சார், இது எங்கம்மா கபருங்க. ரம்ஜான் பீவி. உப்பு வாரினவங்க."

"இல்லீங்க, விசாரிச்சுத்தான் பதிச்சோம்."

"இங்க மீசான் கல்லு ரெண்டு இருந்துச்சா, மூணு இருந்துச்சா?"

நான் வாய் திறப்பதற்குள் கொத்தனார் சவரிமுத்து, கரண்டியைக் கழுவியபடியே சொன்னார்:

"மூணுங்க. நடுவுல இருந்தது பளிங்குக்கு இடிக்குதுன்னு சார்தான் புடுங்கச் சொன்னாரு."

ஷஃபி சிரித்தார். "ஆம்பளைக்குத் தலைமாட்டுல ஒண்ணு, கால்மாட்டுல ஒண்ணு. பொம்பளைக்குத்தான் நடுவுலயும் ஒண்ணு. முப்பது வருஷம் இந்த ஊர்ல வாத்தியாரா இருந்தீங்க. ஒரு மய்யத்து அடக்கத்துக்குக்கூட உள்ள வந்ததில்லையா சார்?"

வந்ததுண்டு. வாசலோடு திரும்பியதுண்டு.

தம் தாயின்மேல் பிறர் பெயர் இருக்கலாகாது என்பது ஒன்றே அவர் கேட்டது. அழைப்பிதழ்கள் போய்விட்டன, அமைச்சர் வருகிறார், விழா முடிந்ததும் மாற்றிவிடலாம் என்றேன். ஜமாஅத் தலைவரும், "மூணு நாள் பொறுத்துக்கப்பா" என்றார். கபர்ஸ்தானுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பித் தந்தது எங்கள் பேரவை.

விழாவன்று அமைச்சர் மலர்வளையம் வைத்தார். புதுச்சேரிப் பேராசிரியர் ஒருவர் கல்லைத் தொட்டுக் கண்கலங்கினார். ஷஃபி ஒதுங்கி நின்று, உதடுகள் மட்டும் அசைய ஓதிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பேரவையைக் கூட்டினேன். பிழை என்னுடையது என்று சொல்லத்தான் கூட்டினேன். பேரவைத் தலைவர் பலராமன் முந்திக்கொண்டு, "சார் இல்லன்னா இது நடந்திருக்குமா?" என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார். எழுந்து நன்றி கூறிவிட்டு அமர்ந்தேன்.

ஷஃபி ரியாத்துக்குப் புறப்படும் நாளுக்குள் கபரைச் சுற்றிக் கம்பிவேலி அமைத்துப் பூட்டியிருந்தோம். அவர் என் வீடு தேடி வந்தார். கல்லை மாற்றுவதைப் பற்றிக் கேட்கவேயில்லை.

"சாவி குடுங்க சார். அம்மாகிட்ட சொல்லிட்டுப் போறேன்."

கொடுத்தேன். கொடுப்பதற்கு முன், 'கவிஞர் நினைவிடத்திற்கு வருகை தந்தோர்' என்னும் பதிவேட்டை அவர்முன் விரித்து, கையொப்பம் வாங்கிக்கொண்டேன்.