ஏழு புள்ளி நாலு

உடல் சூட்டில் வைத்திருந்த கரைசலுக்குள், புளிப்பை அளக்கும் பிஹெச் மீட்டரின் கம்பியை இறக்கி, எண் நிலைப்பதற்காக அவள் காத்திருந்தபோது தம்பி போனில் கூப்பிட்டான்.

"அக்கா, அப்பாவுக்கு ரொம்ப முடியல. உடனே வா."

எண் ஏழு புள்ளி நாலில் நின்றது. ஆராய்ச்சிக்கு எடுக்கும் உயிருள்ள திசுவை இதில்தான் போட்டு வைப்பார்கள். கரைசல் கொஞ்சம் புளித்தாலும் திசு துவண்டுவிடும். மனித ரத்தத்துக்கும் இதே கணக்குத்தான். கம்பியைக் கழுவி வைத்துவிட்டு, பக்கத்து மேசைக்காரியிடம் சொல்லிக்கொண்டு ஓடினாள்.

அப்பா ஆயுசு பூரா பஸ் ஓட்டியவர். "எம் பொண்ணு தண்ணி புளிக்குதான்னு பாத்து சம்பளம் வாங்குறா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். சொல்லும்போது முகம் பூரித்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் அவர் நினைவில்லாமல் கிடந்தார். ஓடி வந்தவர் போல மூச்சு வாங்கியது. அம்மா பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பி ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டினான். "கிட்னி ரெண்டும் போச்சாம். டயாலிசிஸ் மெஷின்ல வைக்கவான்னு டாக்டர் கேக்குறாரு. வைக்கச் சொல்லிடவா?"

தாளில் ரத்தத்தின் பிஹெச் எண்ணைத் தேடினாள். காலையில் எடுத்ததில் ஏழு. மருந்து ஏற்றிய பிறகு ஆறு புள்ளி ஒன்பது.

"கொஞ்சந்தானே குறைஞ்சிருக்கு?" என்றாள் அம்மா. "நீ ஏதோ சொட்டு விட்டு சரி பண்ணுவேன்னு சொல்லுவியே?"

"அது பாட்டில்ல இருக்கிற தண்ணிம்மா." தாளை மடித்தாள். "மெஷின் வேணாம்டா. மருந்து ஏத்தியும் இறங்கிருக்கு, இனிமே ஏறாது."

"நீ என்ன டாக்டரா? ஒரு நம்பரைப் பாத்துட்டு அப்பாவை முடிச்சிடுவியா?"

போன தடவை மெஷினிலிருந்து மீண்டு வந்ததும் அப்பா கைகூப்பிக் கேட்டிருந்தார்: "இனிமே என்னை அதுல கட்டிப் போடாதீங்கப்பா. ஸ்டியரிங்கை அடுத்தவன்கிட்ட குடுத்து எனக்குப் பழக்கமில்ல." அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள்.

"அவர் கேட்டுக்கிட்டப்ப நீயும்தானேடா பக்கத்துல இருந்தே," என்றாள் அம்மா, பாதத்திலிருந்து கையை எடுக்காமல்.

தம்பி வெளியே போய்விட்டான். மகள் டாக்டரிடம் போய், மூச்சுத் திணறல் தெரியாமல் இருக்க மட்டும் ஏதாவது கொடுங்கள் என்றாள். ஊசி போட்டார்கள். அப்பாவின் நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தம்பி உள்ளே வந்து, யாரையும் பார்க்காமல் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கும் நேரத்தில் மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி கூடியது. பிறகு மூச்சு வரவில்லை.

நர்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போனாள். அம்மா பையிலிருந்து சீப்பை எடுத்து அவருக்குத் தலை வாரினாள். எதிரே நின்று வாரியதில் வகிடு மாறிப்போனது.

"அந்தப் பக்கம்மா," என்றான் தம்பி.

அம்மா முடியைக் கலைத்துவிட்டு முதலிலிருந்து வாரத் தொடங்கினாள். தலை சாய்ந்துவிடாமல் அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள்.