பொற்கொடியின் பங்கு

கம்பெனியின் பெயர் திரையில் வெள்ளையாக எழுந்து நின்றது. அமுதவல்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பெயர் அணைந்து திரை கறுத்தது. ஒரு சின்ன அதிர்வு. மறுபடியும் அதே பெயர். ஆலங்குடி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய அந்தச் செல்போன் சர்வீஸ் கடையில், கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சத்யபிரியா போனைக் கையில் எடுக்காமலேயே, "அப்டேட் ஏதும் போட்டீங்களாக்கா?" என்றாள்.

"பாப்பா வெளையாடிக்கிட்டு இருந்துச்சு. என்னமோ வந்துச்சுன்னு அமுக்கிருச்சு. பாதியில சார்ஜ் எறங்கி ஆஃப் ஆயிருச்சு."

"அதான். இப்ப எந்திரிக்கப் பாக்குது, முடியல."

அது ஆத்மநாதனின் பழைய போன். அதில் சிம் கிடையாது. பேசுவதற்கு அவனிடம் வேறு போன் இருந்தது. புதுக்கோட்டை டிப்போவில் மெக்கானிக் வேலை முடிந்து வந்ததும் கிரீஸ் போகச் சோப்புப் போட்டுக் கைகழுவி, ஈரம் போகத் துடைத்து, அதற்குப் பிறகுதான் அலமாரியிலிருந்து இதை எடுப்பான். மகள் கயல் ஓடிவந்து மடியில் ஏறிக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் உள்ளறையிலிருந்து பொற்கொடி பேசத் தொடங்குவாள்.

பொற்கொடி அவனுடைய முதல் மனைவி, தாய்மாமன் மகள். கயல் நடை பழகிய வருஷம் ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். அவள் வாட்ஸப்பில் அனுப்பிய குரல் பதிவுகள் எல்லாம் அந்தப் போனில் இருந்தன. கயலுக்கு அமுதவல்லிதான் அம்மா. அந்தக் குரல் 'போன் அம்மா'. பிள்ளை அதில் எந்தக் குழப்பமும் இல்லாமல் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் கேட்டால்கூட, எனக்கு ரெண்டு அம்மா என்று பெருமையாகச் சொல்வாள்.

கல்யாணமாகி வந்த புதிதில் பொற்கொடியின் கட்டிலில் படுத்ததோ, அவள் வாங்கிய மிக்ஸியில் சட்னி அரைத்ததோ அமுதவல்லியை உறுத்தவில்லை. சுவரில் மாட்டியிருந்த படத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் அவளேதான் பூ வைத்தாள். படத்தில் இருப்பவள் வாயைத் திறப்பதில்லை. போனில் இருப்பவள் திறந்தால் மூடமாட்டாள். "யோவ், கேஸ் தீந்து போச்சுன்னு காலையிலயே சொன்னேனா இல்லையா? மண்டையில என்ன களிமண்ணா வச்சிருக்க? வா, ஒன்னையத் தூக்கித்தான் அடுப்புல வைக்கப் போறேன்." அதற்கு அவன் அனுப்பிய பதிலும் அடுத்தாற்போல் ஓடும். "ஏ கூறுகெட்டவளே, வண்டிக்கு அடியில கெடக்கேன்டி. போனப் போட்டு உயிர எடுக்காத." அப்பனும் மகளும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அடுப்படியில் நின்று கேட்கும்போது அமுதவல்லியின் நெஞ்சைக் குத்தியது பொற்கொடியின் குரல் அல்ல, அவனுடைய குரல்தான். அவ்வளவு உரக்க, அவ்வளவு உரிமையாக, எரிச்சலும் சிரிப்பும் ஒன்றாகக் கலந்த அந்தக் குரலை அவள் நேரில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவளிடம் அவன் மெதுவாகப் பேசுவான். குழம்பில் உப்புக் கூடிப்போனால் தண்ணீரை எடுத்துக் குடித்துக்கொள்வான். சட்டையை இஸ்திரி போடுகையில் தீய்த்துவிட்ட அன்று, "பரவால்ல, பழசுதானே" என்றான். ஊரில் எல்லோரும் தங்கமான மாப்பிள்ளை என்றார்கள். அவளுக்கோ விருந்துக்கு வந்த வீட்டில் வருஷக்கணக்காகத் தங்கிவிட்டதைப் போல இருந்தது. செத்துப்போனவளிடம் சண்டை போடுகிறான், உயிரோடு இருப்பவளிடம் மரியாதையாக இருக்கிறான். இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள்.

போன் நின்றுபோன பிறகு வீடு வேறு மாதிரி ஆகியிருந்தது. வேலை விட்டு வந்தவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அடுப்படிக்கு வந்து தரையில் உட்கார்ந்து அவளோடு பூண்டு உரித்தான். டிப்போவில் புதிதாக வந்த மேனேஜரைப் போலப் பேசிக் காட்டினான். அவன் இப்படியெல்லாம் பேசுவான் என்பதே அவளுக்குத் தெரியாது. பூண்டுத் தோலை ஊதிக்கொண்டே, இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் உடம்பு சுட்டது.

"எனக்கு லீவு கெடைக்காது. நீ கொண்டுபோயிக் குடுத்துட்டு வா. உள்ள இருக்கறது போயிறாமப் பாக்கச் சொல்லு," என்று சொல்லித்தான் இன்று காலை அதைத் துணியில் சுற்றிக் கொடுத்திருந்தான்.

சத்யபிரியா போனை ஒரு வயரில் மாட்டிக் கம்ப்யூட்டரோடு இணைத்தாள். திரையில் வரிசையாக ஆங்கிலப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சின்னக் கட்டம், கட்டத்தில் டிக்.

"இது என்னம்மா இவ்வளவு?"

"எல்லாம் ஒரே மெமரிதாங்கக்கா. பாகம் பிரிச்ச வீடு மாதிரி பங்கு பங்காப் பிரிச்சு வச்சிருக்காங்க. இந்தா, இது பூட். ஆன் பண்ணுனா மொதல்ல எந்திரிக்கிறது. இது சிஸ்டம், கம்பெனிக்காரன் பங்கு. இது போனோட நம்பர் இருக்கற பங்கு. தெரியாம இதத் தொட்டா அப்புறம் டவரே எடுக்காது. கடைசியில கெடக்கே, யூசர் டேட்டா, அதுதான் ஒங்க பங்கு. போட்டோ, மெசேஜ் எல்லாம் அதுக்குள்ளதான்."

"அது போயிருச்சா?"

"இல்லக்கா. அது அப்படியேதான் இருக்கும். பாதியில நின்னதுல சிஸ்டம் பங்கு இடிஞ்சு கெடக்கு. அதனால ஒங்க பங்குக்குள்ள போக வழி இல்ல, அவ்வளவுதான். இடிஞ்சத மட்டும் திரும்ப எழுதுனா ஒங்களது தப்பிச்சுக்கும். அதுக்கு இதே வெர்ஷன் ஃபைலாத் தேடி எடுக்கணும், கொஞ்சம் மெனக்கெடணும். எல்லாத்தையும் கழுவிட்டு எழுதுறதுன்னா இப்பவே முடிஞ்சுரும்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உள்ள போட்டோ கீட்டோ ஏதாச்சும் வேணுமாக்கா?"

கடைக்கு வெளியே அறந்தாங்கி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது. அமுதவல்லி அந்தக் கடைசிப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உங்கள் பங்கு என்கிறாள் இந்தப் பெண். என் பங்கு எங்கே இருக்கிறது அதில்? ஒரு எழுத்துக்கூடக் கிடையாது. அத்தனையும் அவளுடையது. அவளும் அவனும் கத்திக்கொண்டு கிடக்கும் வீடு. கதவு ஒன்று தற்செயலாக அடைத்துக்கொண்டது. அதை அப்படியே விட்டுவிட்டால் போதும்.

"அதெல்லாம் வேற போன்ல இருக்கு," என்றாள். சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"அப்பக் கழுவிறவா?"

அவள் தலையாட்டினாள்.

"வாயத் தொறந்து சொல்லிருங்கக்கா. இதுல எல்லாமே பூட்டுப் போட்டுத்தான் எழுதியிருப்பான். அழிச்சா சாவியும் சேந்து போயிரும். அப்புறம் யாரு வந்து நின்னாலும் எடுக்க முடியாது."

"வேணாம். கழுவிருங்க."

சத்யபிரியா எதையோ அழுத்தினாள். திரையின் அடியில் மஞ்சள் கோடு ஒன்று இடமிருந்து வலமாக நகர்ந்தது. நிறுத்தச் சொல்லலாம் என்று அமுதவல்லிக்குத் தோன்றியது. கோடு பாதிக்கு வந்தது. பாதியில் நின்றால் என்ன ஆகும் என்பதைத்தான் இப்போது கேட்டோமே என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். கோடு முடிந்து பச்சையாக ஒரு வட்டம் வந்தது. போன் எழுந்து, வணக்கம் சொல்லி, எந்த மொழி வேண்டும் என்று கேட்டது.

அன்று சாயங்காலம் ஆத்மநாதன் போனை வாங்கிப் புரட்டினான். அலமாரியின் பக்கம் போய் நின்றுகொண்டு வெகுநேரம் எதையெதையோ திறந்து மூடினான். அவள் அடுப்படி வாசலில் நின்றாள். பொய்யை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள்.

"அந்தப் புள்ள எவ்வளவோ பாத்துச்சு. அப்டேட் பாதியில நின்னதுல எல்லாமே போயிருச்சாம்."

அவன் திரும்பாமலேயே போனின் பின்பக்கத்தைச் சட்டை நுனியால் துடைத்தான். பிறகு, "சரி விடு. நீ என்ன பண்ணுவ," என்றான். குரல் எப்போதும் போல மெதுவாக இருந்தது. "வெயில்ல அலைஞ்சிருக்க. சாப்ட்டியா?"

கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்த 'சாப்ட்டியா'வைத் தாங்க முடியவில்லை.

ஆனால் அவள் கணக்கில் கொள்ளாதது ஒன்று இருந்தது. கயல் சோறு தின்னவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தலையைத் தடவப் போனபோது பிள்ளை கையைத் தள்ளிவிட்டு, "நான் அமுக்குனதுனாலதானம்மா போன் அம்மா போயிட்டாங்க?" என்றாள். அழவில்லை. பெரிய மனுஷி மாதிரி கேட்டாள். அமுதவல்லி போர்வையை இழுத்து விட்டாள். "தூங்குடி," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவன் சட்டையை மாட்டிக்கொண்டு போனைக் கையில் எடுத்தான். "அழிஞ்சதையும் எடுக்கலாம்னு டிப்போவுல ஒருத்தன் சொன்னான். அந்தக் கடையிலயே ஒரு எட்டுக் கேட்டுட்டு வாரேன்."

"ஞாயித்துக்கெழம கட தெறந்திருக்காதுங்க."

"பாத்துட்டு வாரேன்."

வண்டிச் சத்தம் முந்திரித் தோப்பைத் தாண்டித் தேயும்வரை அவள் வாசலில் நின்றாள். பிறகு வெங்காயம் நறுக்கினாள், வேண்டியதற்கு மேலே நறுக்கினாள். அந்தப் பெண் சொல்லிவிடுவாள். சொல்லாமல் இருக்க அவளுக்கு என்ன வந்தது? ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து வாசலை எட்டிப் பார்த்தாள். ஆனால் பயத்துக்கு நடுவில் வேறொன்றும் இருந்தது. வரட்டும், வந்து கேட்கட்டும் என்ற ஒரு வெறி. ஏண்டி என்று கேட்கட்டும்.

அவன் வந்தான். செருப்பைக் கழற்றினான். கை கழுவிவிட்டு உட்கார்ந்தான். அவள் சோறு போட்டாள். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். கயல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, எடுத்துட்டீங்களா?"

"இல்லடா. எடுக்க முடியாதாம்."

"நான் அமுக்குனதாலயா?"

அவன் கை தட்டிலேயே நின்றது. மெல்ல நிமிர்ந்து அமுதவல்லியைப் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கோபம் இல்லை அதில். காத்திருந்தான், அவ்வளவுதான்.

"நீ இல்லம்மா," என்றாள் அமுதவல்லி. கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே விட்டாள். "நீ அமுக்குனதுல அது போகல. அப்படியேதான் இருந்துச்சு. அந்த அக்கா வேணுமான்னு கேட்டுச்சு. நாந்தான் வேணாம்னு சொன்னேன்."

பிள்ளை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆத்மநாதன் தண்ணீரை எடுத்துக் குடித்தான்.

"அந்தப் பொண்ணு சொல்லுச்சு," என்றான்.

"தெரிஞ்சுக்கிட்டா இவ்வளவு நேரம் சாப்புட்டுக்கிட்டு இருந்தீங்க?"

"என்ன செய்யச் சொல்ற? போனது போச்சு."

"அவளா இருந்தா இப்படித்தான் சும்மா இருந்திருப்பீங்களா?"

கேட்ட பிறகுதான் அவள் தன் குரலின் உயரத்தை உணர்ந்தாள். அவன் தட்டைத் தள்ளினான். தட்டு சுவரில் மோதிச் சுழன்று அடங்கியது.

"அவளா இருந்தா இப்படிப் பண்ணியிருப்பாளாடி? ஏண்டி, செத்துப்போனவ ஒன்ன என்னடி பண்ணுனா? எம்புள்ளைக்கி அவ ஆத்தா மூஞ்சிகூட நெனப்பு இல்லடி. அந்தச் சத்தம் மட்டுந்தான்டி இருந்துச்சு! அதுவும் ஒனக்குப் பொறுக்கலையா?"

பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் குறைந்தது. அவன் நிறுத்தவில்லை. எச்சில் கையை ஆட்டி ஆட்டிக் கத்தினான். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. இதைத்தான் அமுதவல்லி கேட்க ஆசைப்பட்டிருந்தாள். போனுக்குள் கத்திய அந்த ஆள் இவன்தான். தலைகுனிந்து நின்ற அந்த நேரத்திலும் உள்ளே எங்கோ ஒரு மூலை குளிர்ந்ததே, அதை நினைத்துத்தான் அவளுக்கு அழுகை வந்தது. அவனுடைய வார்த்தைகளுக்காக அழவில்லை.

அவன் எழுந்து கொல்லைப் பக்கம் போனான். குழாயைத் திறந்துவிட்டுக் கை கழுவாமல் நிற்பது சத்தத்திலேயே தெரிந்தது.

சிதறிய சோற்றைக் கூட்டி அள்ளிய பிறகுதான் கயல் அங்கே இல்லை என்பதைக் கவனித்தாள். உள்ளறையிலிருந்து பேச்சுச் சத்தம் வந்தது. கதவு ஒருக்களித்திருந்தது. பிள்ளை கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் உட்கார்ந்திருந்தாள். புதிதாகிப்போன போன் முழங்காலில் இருந்தது. எதை அழுத்தினால் பதிவாகும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தாள். வாயைப் போனுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய், தனதல்லாத ஒரு குரலில், போன் அம்மாவைப் போல இழுத்து இழுத்துப் பேசினாள்.

"யோவ், ஒம்மக இன்னைக்கி என்ன பண்ணுனா தெரியுமா? அப்பான்னு சொல்லுடின்னா, ஆத்து, ஆத்துன்னு ஒம்பேரச் சொல்லிக் கூப்புடுறாய்யா. கேட்டுட்டு எங்கப்பாரு சிரிக்கிறாரு. அப்புறம்... அப்புறம்..."

நின்றுவிட்டாள். உதட்டைக் கடித்து யோசித்தாள். அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடியும் அதே இடத்தில் வந்து நின்றாள்.

அதற்கு அடுத்த வார்த்தை அமுதவல்லிக்குத் தெரியும். அடுப்படியில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, எத்தனை சாயங்காலம் கேட்டிருப்பாள். அது எங்கே உயரும், எங்கே சிரிப்பில் உடையும் என்பதுகூடத் தெரியும். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கயல் தலை நிமிர்ந்து பார்த்தாள். கொல்லையில் குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. போன் திரையில், பதிவு இன்னும் ஓடுகிறது என்று காட்டும் ஒரு சிவப்புப் புள்ளி விட்டு விட்டு எரிந்தது.