பீச்சாங்கை மோட்டார்

என் பெயர் ஏலவார்குழலி. ஏகாம்பரநாதர் கோயில் அம்மனுக்கும் அதே பெயர் என்பதால், என் மாமியார் தில்லையம்மாள் திட்டும்போது என் பெயரைச் சொல்ல மாட்டார். அம்மனைத் திட்டிய பாவம் வந்துவிடுமாம். அதனால் "பீச்சாங்கை" என்று கூப்பிடுவார். எனக்கு இடக்கைப் பழக்கம். கல்யாணமாகி வந்த அன்று பால் டம்ளரை இடது கையால் வாங்கிவிட்டேன். பதினோரு வருஷமாகியும் அந்தப் பால் மாமியாருக்கு ஆறவில்லை. அந்தக் கையால் விளக்கேற்றக் கூடாது, பரிமாறக் கூடாது, நல்ல நாளில் தறியைத் தொடக் கூடாது. சரியென்று வலது கையால் பரிமாறினால் சாம்பாரைக் கொட்டுவேன். கொட்டியதற்குத் தனித் திட்டு.

எழுபத்திரண்டாம் வருஷம் மாசி பிறந்த வாரத்தில் என் வீட்டுக்காரர் சபாபதி ஒரு லாரியில் வந்து இறங்கினார். பின்னால் பட்டு நூல் முறுக்கும் மெஷின், மோட்டாரோடு. ஆற்காட்டுப் பக்கம் மூடிப்போன ஒரு மில்லில் வாங்கியதாம். அந்த வருஷம் பங்குனி உத்திரத்தில் அம்மன் கல்யாணத்துக்குக் கூறைப்புடவை கொடுக்கும் முறை எங்களுடையது. எங்கள் தெருவில் முப்பத்தேழு தறி வீடுகள். ஒரு தடவை விட்டால் அடுத்த முறை வர முப்பத்தேழு வருஷம். போன முறை வந்தபோது மாமியார் புது மருமகள். அடுத்ததைப் பார்க்க இருக்கப் போவதில்லை என்பது அவருக்கே தெரியும்.

"முறுக்கின நூலை வெளியில வாங்கிக்கலாமே" என்றேன்.

"அம்மனுக்கு முறுக்குலருந்து மடிப்பு வரைக்கும் நம்ம வூட்ல நடக்கணும்" என்றார் மாமியார். "ஒனக்கு என்னா தெரியும்?"

கூடத்தில் மெஷினை நிறுத்தி, கரண்ட் கொடுத்து, சாமி கும்பிட்டு சுவிட்சைப் போட்டார்கள். மோட்டார் 'உம்ம்ம்' என்றது. அவ்வளவுதான். சாப்பாட்டில் உப்பில்லை என்று முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சம்பந்தி மாதிரி, உறுமியதே தவிர அசையவில்லை. லைன்மேன் ஆதிகேசவனைக் கூட்டிவந்தோம்.

"அண்ணே, இது மூணு பேஸ் மோட்டார். ஒங்க வூட்டுக்கு வர்றது ஒரு பேஸ்" என்றான் அவன். "மூணு பேரு தூக்கற பல்லக்க ஒருத்தன் தோள்ல வச்சா எப்பிடி எழுந்திருப்பான்? மொனகிக்கினே ஒக்காந்திருப்பான்."

"அப்ப மூணு பேஸ் குடேன்பா."

"எழுதிப் போடுங்க. கம்பம் நடணும், கம்பி வரணும். ஒரு வருசம் புடிக்கும்."

என் வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆதிகேசவனுக்கு மனசு கேட்கவில்லை. மோட்டார் பெட்டியைத் திறந்து ஏதோ கம்பிகளை மாற்றித் திருகுகளை முடுக்கினான். "இப்ப ஒரு பேஸ்லயே ஓடும். ஆனா தானா கெளம்பாது. யாராவது ஒருதரம் சுத்தி வுடணும். வுட்டுட்டா அப்பால அதுவா ஓடிக்கினு இருக்கும். பலம் கம்மி, பாதி நூல்தான் போடலாம். ஒண்ணு, கைய வச்சி சுத்தாதீங்க, கையோட போய்டும்."

ஆம்பிளைகள் இரண்டு பேரும் மோட்டாரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. அடுப்படியிலிருந்து மோர் கடையும் மத்துக் கயிற்றை எடுத்துவந்து, மோட்டார் சக்கரத்தில் நாலு சுற்றுச் சுற்றி இடது கையால் ஒரே இழு இழுத்தேன். அதே நொடியில் ஆதிகேசவன் சுவிட்சைப் போட்டான். தெருவிளக்கெல்லாம் மங்கியது, பக்கத்து வீட்டு ரேடியோ பாட்டின் நடுவில் விக்கியது, மோட்டார் ஓடியது!

"மத்துக் கயிற எதுக்குடி எடுத்தே?" என்று உள்ளேயிருந்து ஓடிவந்தார் மாமியார். "அதுவும் அந்தக் கையால!"

மறுநாள் என் வீட்டுக்காரர் தானே இழுத்தார், வலது கையால். மோட்டார் ஓடியது, ஆனால் பின்பக்கமாக. மறுபடி இழுத்தார், மறுபடி பின்பக்கம். நான் இழுத்தால் மட்டும் நேராக ஓடியது. இந்த மோட்டாருக்கு இடது கைதான் பிடிக்கும் என்று வீட்டில் முடிவாயிற்று. சாதா நூலைப் போட்டு முறுக்கிப் பார்த்த நாலு நாளும் நான்தான் இழுத்தேன். அக்கம்பக்கத்தில் வேடிக்கை பார்க்க வந்தார்கள். நான் கயிற்றோடு நடந்தால் வழி விட்டார்கள்.

விஷயம் கையில் இல்லை என்று எனக்கு மூன்றாம் நாளே தெரியும். நான் கயிற்றைச் சுற்றுவது ஒரு பக்கமாக, அவர் சுற்றுவது எதிர்ப்பக்கமாக. அவ்வளவுதான். மத்தியானம் யாரும் இல்லாதபோது என் மாதிரியே சுற்றி, வலது கையால் இழுத்துப் பார்த்தேன். மோட்டார் சமர்த்தாக நேராக ஓடியது. கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பதினோரு வருஷத்தில் அந்தக் கைக்குக் கிடைத்த முதல் மரியாதை. சும்மா விடுவேனா?

அம்மன் புடவைக்கான பட்டை மெஷினில் ஏற்றிய வெள்ளிக்கிழமை வந்தது. நூலெல்லாம் கோத்துத் தயாராக நின்றது. கற்பூரம் காட்டியதும் நான் கயிற்றை எடுத்தேன்.

"வை கீழ" என்றார் மாமியார். "அம்மன் பட்டுக்கு அந்தக் கை ஆவாது. சபாபதி, நீ இழு."

"நான் இழுத்தா ரிவர்ஸ்ல போவுதேம்மா."

"அது சாதா நூலுக்கு. அம்மன் பட்டுன்னா அதுக்குத் தெரியாதா? நேரா ஓடும்."

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'என்னாங்க, கயிற மாத்திச் சுத்துங்க' என்று. நாக்கு நுனி வரை வந்தது. பட்டால்தான் புத்தி வரும் என்று விழுங்கிக்கொண்டேன்.

அவர் இழுத்தார். மோட்டார் பின்பக்கமாகக் கிளம்பியது. பதறிப்போய் சுவிட்சை அணைப்பதற்குள் சுற்றியிருந்த பட்டெல்லாம் அவிழ்ந்து, துவண்டு, ஒன்றோடொன்று பின்னி, கூடம் முழுக்க இடியாப்பம் பிழிந்த மாதிரி கிடந்தது. உத்திரத்துக்கு இன்னும் இருபத்தாறு நாள். மாமியார் சுவரோரம் போய் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் வீம்புக்கு இது ரொம்ப அதிக விலை.

இரண்டு நாள் எல்லோரும் உட்கார்ந்து சிக்கெடுத்தோம். நான் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. நூல் அறாமல் சிக்கெடுப்பதில் என் இடது கைதான் வேகம். மாமியார் எதிரில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலையில் பட்டு மறுபடி மெஷினில் ஏறியது.

"குழலி" என்றார் மாமியார்.

யாரைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். பிறகுதான் அது நான் என்று உறைத்தது.

"நீயே இழும்மா."

"எந்தக் கையால, அத்தை?"

மாமியார் சுவரைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார். "ஒன் கையாலதான்" என்றார்.

புடவை உத்திரத்துக்கு முந்தின நாள் தறியிலிருந்து இறங்கியது. அரக்கும் மயில்கழுத்துப் பச்சையும். அம்மன் அதைக் கட்டிக்கொண்டு நின்றபோது மாமியார் கூட்டத்தில் என்னை முன்னால் தள்ளி, "எங்க மருமவ முறுக்கின பட்டு" என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சொன்னார். அதற்குப் பிறகு வீட்டில் நான் எந்தக் கையால் பரிமாறினேன் என்று யாரும் பார்க்கவில்லை.

அடுத்த தை மாதம் மூணு பேஸ் வந்தது. ஆதிகேசவன் கம்பிகளை இணைத்துக் கொடுத்தான். இனிமேல் கயிறே வேண்டாம், சுவிட்சைத் தொட்டால் போதும் என்றான். என் வீட்டுக்காரர் வலது கையால் சுவிட்சைப் போட்டார். மோட்டார் தானாகவே கிளம்பியது, பின்பக்கமாக!

"நான் சொன்னேனா இல்லியா?" என்றார் மாமியார். "குழலியைக் கூப்புடு. அவ கை பட்டாதான் அது கேக்கும்."

நான் அடுப்படியிலிருந்து வருவதற்குள் ஆதிகேசவன் மெயினை அணைத்து, ஓட்டம் திசை திரும்பும்படி இரண்டு கம்பிகளை இடம் மாற்றிப் போட்டு, மெயினையும் போட்டுவிட்டான். கடைசித் திருகை அவன் முடுக்கும்போதே நான் பார்த்துவிட்டேன். அவன் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தான். நான் அவனையே பார்த்தேன். வாயை மூடிக்கொண்டான். நல்ல பையன்.

இடது கையால் சுவிட்சைப் போட்டேன். மோட்டார் நேராக ஓடியது. மாமியார் என் இடது கையைத் தடவி, தன் நெற்றிப்பொட்டில் விரல்களை வைத்து நெட்டி முறித்தார். பத்து விரலிலும் சொடக்கு விழுந்தது.

அன்றிலிருந்து அந்த சுவிட்சை வேறு யாரும் தொடுவதில்லை. ஜுரம் வந்தாலும் நான்தான் எழுந்துபோய்ப் போடவேண்டும். ஐயம்பேட்டையில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு ராத்திரி தங்கி மூன்று வருஷமாகிறது. "நீ போய்ட்டா மோட்டார யாருமா கெளப்பறது?" என்கிறார் மாமியார், அவ்வளவு ஆசையாக. உண்மையைச் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடலாம் என்று மாதத்துக்கு ஒருமுறையாவது தோன்றுகிறது. இலையில் அவருக்குச் சாதம் போடும்போது என் இடது கையைப் பார்க்கிறேன், சொல்லாமல் வந்துவிடுகிறேன்.