மஞ்சள் தண்ணீர் ஊற்றிய துவக்கு

துவக்கு நல்ல துவக்கு. அதைக் கொண்டுவந்த ஆளின் ரசனையைத்தான் சகிக்க முடியவில்லை.

பாலேந்திரா லண்டனுக்கு வந்து, ஃபாரஸ்ட் கேட்டில் ரயில் பாலத்தடிப் பட்டறை ஒன்றில் சேர்ந்தது எண்பத்தைந்தில். கெனத் என்ற வெள்ளைக்காரரின் பட்டறை அது. மான், பறவை சுடுகிற வேட்டைத் துவக்குகளைப் பழுதுபார்த்துப் புதுப்பித்துக் கொடுப்பார்கள். இரும்பு வேலை கெனத்துக்கு, மர வேலை பாலேந்திராவுக்கு. துவக்குக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்த மனிசனுக்குத் துவக்குக்கு எண்ணெய் பூசுகிற வேலை வாய்த்ததே என்று கூட்டாளிகள் அவரைக் கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, "நான் மரத்துக்கு மட்டும்தானப்பா பொலிஷ் போடுறன்" என்பார்.

தொண்ணூற்று மூன்றில் இந்தத் துவக்கு வந்தது. அந்தக் காலத்துத் துரை ஒருவருடைய தோளுக்கும் கைக்கும் அளவெடுத்துச் செய்தது. ஒரு திருகுத் திருகினால் குழல் தனி, பிடங்கு தனி. இரண்டையும் சின்னத் தோல்பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போகலாம். தோளில் வைத்து அணைக்கிற பிடங்கு வால்நட் மரம். ஆடம்பரம் ஒன்றுமில்லை, மரத்தின் ரேகையே போதும் என்று விட்டிருந்தான் செய்தவன். பாலேந்திரா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, இதற்கு என்ன குறை என்று கேட்டார்.

கெனத் தலையைச் சொறிந்துகொண்டு வாடிக்கையாளரின் ஆசைகளைச் சொன்னார். மூட்டு இறுகுதில்லை, துரு ஏறியிருக்கு, அந்த இரும்பு வேலையைக் கெனத் பார்த்துக்கொள்வாராம். பாலேந்திரா செய்யவேண்டியது, பிடங்கில் கன்னம் வைக்கிற இடத்தில் பெரிய மேடு ஒன்று ஒட்டவேண்டும். நுனிக்குக் கறுப்புக் கொம்பு. நடுவில் வெள்ளை பிளாஸ்டிக் கோடு. பிடங்கின் ஒரு பக்கம் மான் தலை செதுக்கவேண்டும், மற்றப் பக்கம் மயில்.

"மயிலா?"

தோகை விரித்த மயிலாம். கெனத்துக்கும் விளங்கவில்லை. மயிலை யாரும் வேட்டைக்குப் போய்ச் சுடுவதில்லையே என்று முணுமுணுத்தார். துவக்கில் கட்டியிருந்த துண்டில் சொந்தக்காரனின் பேரும் ஊரும் 'ராஜா, மிச்சம்' என்று இருந்தது. லண்டனில் ராஜாக்களுக்கா பஞ்சம்!

பாலேந்திரா துவக்கைக் கழற்றினார். மூட்டுக்குள்ளே மரம் மஞ்சளாய் ஊறிக் கிடந்தது. ஏதோ அமிலம் பட்டிருக்கு என்று சொல்லிக்கொண்டு கெனத் கையுறை தேடப் போனார். பாலேந்திரா ஒரு குச்சியால் சுரண்டிப் பார்த்தார். மஞ்சள் களி வந்தது. களிக்குள்ளே குட்டை மயிர்கள், கறுத்துக் காய்ந்த இரத்தம். மூக்கருகே கொண்டுபோனவுடன் தெரிந்துவிட்டது. அமிலமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. செத்த வீட்டுக்குப் போய்வந்தால் துடக்குக் கழியத் தெளிக்கிற மஞ்சள் தண்ணி! மானைச் சுட்ட கையோடு துவக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து, வாசலில் வைத்து வாளிக்கணக்கில் ஊற்றியிருக்கிறான் புண்ணியவான். தண்ணீர் மூட்டுக்குள் இறங்கி இரும்பையும் தின்று மரத்தையும் தின்றுவிட்டது. நாங்கள் தலையில் தெளித்துக்கொள்கிற மஞ்சள் இரத்தத்தோடு குழைந்து இப்படி நாறிக் கிடப்பதைப் பார்க்க அவருக்கு ஓங்காளம் வந்தது. காலையில் குடித்த தேத்தண்ணி பட்டறைத் தொட்டிக்குள் போயிற்று.

ஆனாலும் வேலை வேலைதான். நல்ல மரத்தின் மேல் அந்த மேட்டை ஒட்டினார். வெள்ளைக் கோடு போட்டார். மானைச் செதுக்கினார், பிறகு மயிலையும் செதுக்கினார். முருகனுடைய வாகனம் உளிக்கடியில் தோகை விரிக்க விரிக்க அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த பக்கத்தில் செத்த மான், இந்தப் பக்கத்தில் சாமியின் மயில். என்ன அரியண்டமப்பா இது என்று தனக்குள் பேசிக்கொண்டே எண்ணெய் தேய்த்தார். இரவு சோற்றில் கை வைத்தால் விரலில் அந்த மணம் நின்றது.

வீட்டிலோ கலியாணக் கதை. செவன் கிங்ஸில் இருந்த அந்த வீட்டில் மனைவி கனகாம்பிகைக்கு வேறு நினைப்பே இல்லை. மகள் வசந்தமலருக்குத் தென் லண்டனில் மிச்சம் என்ற இடத்திலிருந்து ஒரு சம்பந்தம் பொருந்தி வந்திருந்தது. பெடியன் தயாபரன் எஞ்சினியர். இரண்டு பேரும் நாலைந்து முறை வெளியில் சந்தித்துப் பேசி, மகளுக்கும் நன்றாகப் பிடித்துப்போயிற்று. போன் மணி அடித்தால் படியில் ஓடி வருகிற ஓட்டத்திலேயே அது தெரியும். பெடியனின் தகப்பன் ஸ்ரீஸ்கந்தராஜா கோயில் சபையில் பெரிய மனிசன், மொத்த வியாபாரி. பெண் பார்க்க வந்த அன்று பலகாரத் தட்டில் கை வைக்கமுன் அவர் கேட்ட முதல் கேள்வி, "கேக்கிலை முட்டை போட்டிருக்கோ?" பிறகு குளிர்பெட்டியைத் திறந்து பார்க்காத குறை. "எங்கடை வீட்டு வாசல்படி மச்சம் மாமிசம் கண்டதில்லை. வாற பிள்ளையும் அப்பிடி இருக்கவேணும். அதைத் தவிர வேறை ஒண்டும் கேக்கமாட்டன்." கனகாம்பிகை அன்றைக்கே முட்டைக்கோதைக்கூட வீட்டுக்குள் வரவிடுவதில்லை என்று நெஞ்சில் அடித்துச் சத்தியம் செய்தாள். நாள் குறிக்க வெள்ளிக்கிழமை வருவதாகப் பேச்சு.

வியாழக்கிழமை பின்னேரம் துவக்கின் சொந்தக்காரன் பட்டறைக்கு வந்தான். பாலேந்திரா ஏப்ரனோடு எட்டிப் பார்த்தார். நெற்றியில் மூன்று குறி விபூதி, நடுவில் சந்தனப் பொட்டு, தோளில் பச்சை வேட்டைக் கோட்டு. ஸ்ரீஸ்கந்தராஜா!

ஒரு கணம் வந்தவருக்கும் முகம் செத்துப்போயிற்று. அடுத்த கணம் சுதாரித்துக்கொண்டார். கூசியவர் போல மூக்கைச் சுருக்கி, பட்டறையைச் சுற்றிப் பார்த்தார்.

"பாலேந்திரா அண்ணை, மரவேலை எண்டுதானே சொன்னியள்? இது கொலைக் கருவியெல்லோ! நாளைக்குச் சபையிலை கேட்டால் சம்பந்தி துவக்குப் பட்டறையிலை நிக்கிறார் எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

பாலேந்திராவுக்கு வந்த கோபத்தில் சிரிப்புத்தான் வந்தது. "அப்ப இந்தத் துவக்கு ஆற்றை? உங்கடைதானே?"

"அது பொழுதுபோக்கு. ஸ்கொட்லாந்துக்கு வெள்ளைக்காரக் கூட்டாளியளோடை வருசத்துக்கு ரெண்டு மூண்டு தரம் போறனான். வேட்டையிலை என்ன பிழை? முருகனே வேடனாய்த்தானே வள்ளியிட்டை வந்தவர். அதுதான் மயில் போடச் சொன்னனான்."

"மானை?"

"சுடுறதோடை சரி. செத்திட்டுதோ எண்டு துவக்காலை இடிச்சுப் பாத்திட்டு அங்கையே விட்டிட்டு வந்திடுவன். வெள்ளையள் எடுத்தால் எடுக்கட்டும், இல்லாட்டி கிடந்து அழுகட்டும்." அவர் குரலில் ஒரு பெருமை ஏறியது. "இண்டைவரைக்கும் ஒரு துண்டு இறைச்சி என்ரை வாயிலை பட்டதில்லை, அண்ணை. வீட்டுக்குள்ளை ஏற முன்னம் துவக்குக்கும் எனக்கும் மஞ்சள் தண்ணி. சுத்தத்திலை நாங்கள் கொஞ்சமும் பிசகமாட்டம்."

பசிக்குக் கொன்றவனைப் பாலேந்திரா பார்த்திருக்கிறார், பயத்தில் கொன்றவனையும் பார்த்திருக்கிறார். கொன்று போட்டுவிட்டு வாய் சுத்தம் என்று நெஞ்சு நிமிர்த்துகிறவனை இன்றைக்குத்தான் பார்க்கிறார். அந்த விபூதியையும் கோட்டையும் பார்க்கப் பார்க்க அந்த மஞ்சள் களியின் நாற்றம் மறுபடி மூக்கில் ஏறியது. இந்த வீட்டுக்கா என் பிள்ளை விளக்கேற்றப் போகிறாள்?

"ராஜா, சம்பந்தம் வேணுமெண்டால் எனக்கும் ஒரு நிபந்தனை இருக்கு."

"சொல்லுங்கோ."

"இனிமேல் சுடுற மானை நீங்கள் சாப்பிடவேணும். மிச்சம் விடாமல்."

ஸ்ரீஸ்கந்தராஜாவின் முகம் கறுத்தது. "சீ! என்ன கதை கதைக்கிறியள்?" என்று துவக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வாசலில் நின்ற கெனத்துக்குக்கூடத் தலையசைக்காமல் காரில் ஏறிப் போனார்.

பாலேந்திரா வீட்டுக்கு வருமுன்னமே ஸ்ரீஸ்கந்தராஜாவிடமிருந்து போன் வந்துவிட்டது. துவக்குக்காரன் வீட்டில் பெண் எடுக்க முடியாதாம். மகன்தான் இன்னும் பிடிவாதமாய் நிற்கிறானாம். கனகாம்பிகை தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு இருக்க ஏலாதோ உங்களுக்கு? பிள்ளையின்ரை வாழ்க்கையெல்லோ!"

பாலேந்திரா நடந்ததை ஒன்றும் ஒளிக்காமல் சொன்னார், மஞ்சள் களி உட்பட. வசந்தமலர் முகத்தைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழும்பிப் போய்த் தயாபரனுக்குப் போன் எடுத்தாள். நிறையப் பேசவில்லை. "நீங்களும் வேட்டைக்குப் போறனீங்களோ?" என்று கேட்டாள். மறுமுனையைக் கேட்டாள். போனை மெல்ல வைத்தாள்.

"என்னவாம்?" என்றாள் தாய்.

"தான் ஒரு நாளும் சுட்டதில்லையாம். எனக்காகத் தேப்பனை விட்டிட்டு வரவும் ரெடியாம்." அவள் வந்து தாய்க்குப் பக்கத்தில் இருந்தாள். "தேப்பன் வந்து இறங்கினால் வாளியிலை மஞ்சள் கரைச்சுத் துவக்குக்கு ஊத்துறது மட்டும்தான் தன்ரை வேலையாம், அம்மா. அதைப் பெரிய நல்ல காரியம் மாதிரிச் சொல்லுறான். எனக்கு வேண்டாம்."

கனகாம்பிகை அழத் தொடங்கினாள். பாலேந்திராவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினது போலிருந்தது. என் பிள்ளை தப்பினாள் என்று நினைத்தார். அவளுடைய தலையைத் தடவக் கையை நீட்டினார்.

வசந்தமலர் அந்தக் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் மஞ்சள் இன்னும் போகவில்லை.

"மானும் மயிலும் செதுக்கி முடிச்சுத்தானே குடுத்தனீங்கள், அப்பா? அந்த மஞ்சளைக் கண்ட பிறகும்?"

"ஓம் பிள்ளை. அது... நான் மரத்துக்கு மட்டும்..."

வாய்வரை வந்த மிச்சத்தை விழுங்கப் பார்த்தார், ஓங்காளம்தான் வந்தது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டு குசினித் தொட்டிக்கு ஓடினார்.