இன்னும் காயாத பலகை

ஹோஃப்ராட் வுட்டெ ஜூன் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை வந்தார். ஹோஃப்ராட் என்பது அவருடைய பெயரல்ல, அரசாங்கம் கொடுத்த பட்டம். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. பட்டம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. அப்படிக் கூப்பிடாவிட்டால் மனிதர் திரும்பியும் பார்க்கமாட்டார்.

"துக்கத்துக்கே வந்திருக்கணும், லுட்மில்லாம்மா. முட்டி வலி, பனியில கால் வெக்க முடியல."

"பரவாயில்லைங்க ஹோஃப்ராட் ஐயா. உக்காருங்க, காப்பி கொண்டாறேன்."

ஐந்து மாதமாக வந்தவர்கள் எல்லோரிடமும் அவள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். பரவாயில்லை, உட்காருங்கள், காப்பி. ஜனவரியில் ஒரு காலை, வாசலில் பனி வாரிக்கொண்டிருந்த அவள் கணவன் பிரிமுஸ், வாருகோலோடு படியில் உட்கார்ந்தான். பிறகு எழவே இல்லை. அன்றிலிருந்து லுட்மில்லாவுக்கு எதுவும் உறைக்கவில்லை. சூப்பில் உப்பு உறைக்கவில்லை, உளி விரலில் இறங்கியபோது வலி உறைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்திலும் அழவில்லை. பக்கத்து வீட்டு ஹெட்விக் அதை ரொட்டிக் கடை வரிசையில் நின்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டாள். "ஒரு சொட்டு இல்ல, கேளு. மரத்தோட பழகிப் பழகி மரமாவே ஆயிட்டா." ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. லுட்மில்லாவும் மூடப் பார்க்கவில்லை. ஹெட்விக் சொன்னது பொய்யில்லை என்றே அவளுக்கும் பட்டது.

வேலையை மட்டும் கை தானாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் ஊரான ஃபெர்லாக்கில் துப்பாக்கி வேலை என்றால் ஆளுக்கொரு பகுதி. குழாய் செய்பவர் ஒருவர், பூட்டுக்கு ஒருவர், செதுக்குக்கு ஒருவர். லுட்மில்லாவும் பிரிமுஸும் மரம். வாங்குகிறவனின் தோளையும் கன்னத்தையும் கையையும் அளந்து, அவனுக்கென்றே வால்நட் மரத்தில் துப்பாக்கிக் கட்டை கடைகிறவர்கள். ஹோஃப்ராட்டுக்கு எழுபது வயது நிறையப்போகிறது. தனக்குத் தானே ஒரு மான் துப்பாக்கி பரிசளித்துக்கொள்கிறார். குழாய் தயாராகிவிட்டது. மரம் தேர்ந்தெடுக்க வந்திருக்கிறார்.

அவள் மரக்கிடங்கைத் திறந்து ஐந்து பலகைகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். துணியை ஸ்பிரிட்டில் நனைத்து முதல் பலகையின்மேல் ஓட்டினாள். தூசி படிந்த சாம்பல் மரத்தில் தேன் நிறமும் கறுப்பு வரிகளும் எழும்பி வந்தன. ஈரம் காய்வதற்குள் பார்த்துவிட வேண்டும்.

"அடேயப்பா!" என்றார் ஹோஃப்ராட். "இதுவே போதும்."

"இது வேணாம். கழுத்தப் பாருங்க." பிடி மெலிந்து கை பற்றுகிற இடத்தை அவள் கட்டைவிரலால் காட்டினாள். "ரேகை குறுக்க ஓடுது. இருபது குண்டு தாங்காது, ரெண்டா நிக்கும்."

"அப்போ இது?"

"அது நல்லா இருக்கும். ஆனா முன்பக்கம் திருகல். மழையில திரும்பும், குழாயத் தள்ளும்."

"நீங்க விக்கிற ஆள் மாதிரியே பேசலியே! கொறையா அடுக்குறீங்க."

மற்ற நாளாக இருந்தால் லுட்மில்லா பதிலுக்கு ஏதாவது குத்தியிருப்பாள். இப்போது மூன்றாவது பலகைமேல் துணியை ஓட்டினாள். அது நல்ல மரம். கழுத்தில் ரேகை நேராக வந்து, தோளில் பதியும் இடத்தில் மட்டும் புகைபோலச் சுழன்றிருந்தது. ஹோஃப்ராட் அதைப் பார்க்கவில்லை. அவர் கண் மேல்தட்டில் இருந்தது.

"அது இன்னும் இருக்கா?"

அவருக்கு மட்டுமல்ல, இந்தக் கிடங்குக்குள் வந்தவர் எல்லோருக்கும் அந்தப் பலகைமேல் ஒரு கண். பதினோரு வருடத்துக்கு முன்னால், பக்கத்துப் பள்ளத்தாக்கில் சாய்ந்த ஒரு கிழட்டு வால்நட்டின் தூரை வேரோடு தோண்டி எடுத்தார்கள். சேறு அப்பிய அந்தத் தூரை வேண்டாம் என்று பிரிமுஸ் கைகழுவியபோது, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, "வாங்கு, உள்ள என்னமோ இருக்கு" என்று அடம்பிடித்தவள் லுட்மில்லா. அறுத்தபோது இரண்டு பலகை தேறின. ஒன்று சுமார். மற்றதைப் பார்த்துப் பிரிமுஸ் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

"இது யாருக்கும் கெடையாது. காஞ்சதும் ஒனக்குத்தான்" என்றான். லுட்மில்லாவும் வேட்டைக்குப் போகிறவள். அவளிடம் இருந்தது அவள் அப்பாவின் துப்பாக்கி. அவர் கைநீளத்துக்குக் கடைந்தது. சுடும்போதெல்லாம் அவள் கன்னத்தில் இடிக்கும். ஊருக்கெல்லாம் அளவெடுத்துக் கட்டை செய்கிறவளுக்குத் தன் அளவில் ஒன்று இல்லை.

பலகை காயவேயில்லை. ஒவ்வொரு பிப்ரவரி இரண்டாம் தேதியும், கோயிலில் மெழுகுத்திரி மந்திரித்து வந்த கையோடு, பிரிமுஸ் பலகைகளை எல்லாம் எடைபோட்டு அதனதன் முகத்திலேயே பென்சிலால் எழுதிவைப்பான். எடை வருடாவருடம் குறையும். இரண்டு வருடம் ஒரே எண் வந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அடியில் ஒரு கோடு இழுப்பான். அந்தப் பலகைக்குக் கோடு விழவேயில்லை. யார் கேட்டாலும் எண்களைக் காட்டிக் கையை விரிப்பான். "நான் என்ன பண்றது, மரம் காயலியே." பென்சில் எண்ணை இந்த ஊரில் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். "நான் சவப்பெட்டிக்குள்ள போனப்புறந்தான் ஒன் மரம் காயும்" என்று லுட்மில்லா குத்திக்காட்டுவாள். அவன் சிரிப்பான். கடைசியில் அவன்தான் முதலில் போனான்.

"ஆறு வருஷமா அவர் 'இன்னும் இல்ல, இன்னும் இல்ல'ன்னாரு. இப்பவாவது?" என்றார் ஹோஃப்ராட்.

"எடுத்துக்கோங்க" என்றாள் லுட்மில்லா.

சொன்னபிறகுதான் சொன்னது தெரிந்தது. அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. கட்டை கடையத் தொடங்கும்போது முதல் வேலை முகத்தை இழைப்பது. இழைப்புளி இரண்டு முறை ஓடினால் பிரிமுஸின் கையெழுத்து சுருளாகித் தரையில் விழும், கூட்டித் தள்ள வேண்டும். அதுவும் உறைக்கவில்லை.

"காஞ்சிருச்சா, நிச்சயமா?"

"இந்த வருஷம் எடை போடல. போட்டுப் பாக்கறேன்."

ஹோஃப்ராட் காப்பியில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தார். அவள் பலகையை இறக்கி மூலையிலிருந்த தராசில் வைத்தாள். பிரிமுஸ் எழுதிய கடைசி எண் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது கிராம். தராசு மூவாயிரத்து நூற்று முப்பது காட்டியது.

மரம் இளைக்குமே தவிர இப்படிக் கொழுக்காது. தராசுதான் கெட்டுவிட்டது என்று நினைத்து, அதே தூரில் அறுத்த சுமார் பலகையை எடுத்து வைத்தாள். எழுதியிருந்த எண் கிராம் பிசகாமல் வந்தது. மறுபடியும் முதல் பலகை. மறுபடியும் மூவாயிரத்து நூற்று முப்பது.

பென்சில் வரிசையை மேலிருந்து விரலால் தொட்டுக்கொண்டு வந்தாள். முதல் நாலு எண்களும் நியாயமாக இறங்கியிருந்தன. ஐந்தாவது எண் மூவாயிரத்து நூற்று முப்பது. ஆறாவது, மூவாயிரத்து நூற்று ஐந்து. அங்கே தொடங்கி, வருடம் இருபத்தைந்து, முப்பது என்று பிசகாமல் இறக்கியிருக்கிறான். பலகை ஆறு வருடத்துக்கு முன்பே காய்ந்துவிட்டது.

பிரிமுஸ் யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாதவன். இரண்டாவது முறை கேட்டால் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிடுவான். தானாக மறுக்க முடியாமல் மரத்தைவிட்டு மறுக்கச் சொல்லியிருக்கிறான். சரி, ஊராரிடம் சொன்ன பொய் சரி. அவளிடம் ஏன்? ஒருமுறை அந்தப் பலகைமேல் கையை வைத்துக்கொண்டு, "கத்தி வெச்சா ஒரு தடவதான், லுட்மில்லா. உள்ள ஒரு முடிச்சு இருந்தா முடிஞ்சுது" என்று சொன்னான். அப்போது வேறு எதையோ சொல்கிறான் என்று நினைத்தாள். அவளுக்குச் செய்வதைக் கெடுத்துவிடுவோமோ என்று பயந்து, ஆறு வருடம், ஒவ்வொரு பிப்ரவரியும், கோயில் சட்டையோடு நின்று, நாக்கில் பென்சிலைத் தொட்டுக்கொண்டு பொய் எழுதியிருக்கிறான் மடையன்.

கோபம் வந்தது. ஐந்து மாதத்தில் முதல்முறையாக அவளுக்கு ஒன்று வந்தது. காது சுட்டது, விரலில் உளி பட்ட பழைய காயம்கூட வலித்தது.

"என்னம்மா சொல்லுது தராசு?" என்று ஹோஃப்ராட் கேட்டார்.

அவளுடைய முதுகு தராசை மறைத்திருந்தது. ஏப்ரன் பையில் பென்சில் இருந்தது. நாக்கில் தொட்டுக்கொண்டாள். பிரிமுஸின் கடைசி எண்ணுக்குக் கீழே, அவனைப்போலவே இருபத்தைந்து குறைத்து, இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்து என்று எழுதி, பலகையைத் தராசிலிருந்து இறக்கினாள்.

"இன்னும் காயலைங்க" என்றாள்.

ஹோஃப்ராட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து வரிசையைப் படித்தார். எண்ணை நம்புகிற மனிதர். "இருபத்தஞ்சு கிராம் எறங்கியிருக்கே! பயங்கரப் பிடிவாதம் பிடிச்ச மரம்மா இது."

"ஆமாங்க. வளத்தவர் மாதிரி."

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷமும் வந்து பாருங்க ஹோஃப்ராட் ஐயா."

அவர் மூன்றாவது பலகையை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அவருக்கு அதுதான் சரியான மரம். தோளையும் கன்னத்தையும் அளந்துகொண்டு, வாசல்வரை வந்து வழியனுப்பினாள். முட்டியைப் பார்த்துப் போகச் சொன்னாள்.

கிடங்குக்குத் திரும்பி, மேல்தட்டில் வைப்பதற்காகப் பலகையைத் தூக்கினாள். தூக்க முடியவில்லை. மூன்று கிலோ மரம். அதை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பொய்க்காரா, படுபாவி! செத்தும் விடாம என்னையும் பொய் சொல்ல வெச்சிட்டியேடா!"

குரல் சுவரைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் ஹெட்விக் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று லுட்மில்லா அழுதாள்.