தகடு வைத்த மணிக்கட்டு

பெயிண்டரின் வீட்டில் சத்தம் குறைவு; பேச்சுக்கு மட்டும் பஞ்சமே இருந்ததில்லை. மனைவிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேசுவதெல்லாம் கையால்தான். அவள் விரல்கள் ஓட ஆரம்பித்தால் எதிரில் நிற்பவருக்குத்தான் மூச்சு வாங்கும்.

ஒருநாள் குளியலறையில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் எலும்பை இழுத்துச் சேர்த்து மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். இடது கையை மட்டும் வைத்துப் பேசிப் பார்த்தாள். பாதி வார்த்தை காற்றோடு போயிற்று. அவள் சீப்பு கேட்க, அவர் துடைப்பத்தைக் கொண்டுவந்து நீட்டினார். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நாலைந்து தரம் அப்படி ஆனதும் அவள் எதையும் கேட்பதையே விட்டுவிட்டாள். அது அவரை அறுத்தது.

மறுவாரம் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார்.

"கட்டுக்குள்ளயே எலும்பு நழுவியிருக்கு. இது சொன்னபடி நிக்கிற முறிவு இல்ல. திறந்து, தகடு வச்சு, ஸ்க்ரூ போட்டாத்தான் நேரா சேரும்."

"நரம்புல ஏதாச்சும் பட்டுட்டா? அவளுக்குக் கைதானே டாக்டர் வாய்!"

"ஆபத்தே இல்லன்னு சொல்லமாட்டேன். நரம்பை ஒதுக்கிட்டுத்தான் செய்வோம். இப்படியே விட்டா கோணலா சேர்ந்து கை இறுகிப்போகும்."

அவர் மனைவிக்கு விளக்கத் திரும்பினார். டாக்டரின் உதட்டசைவிலேயே அவள் எல்லாம் படித்திருந்தாள். "செய்யட்டும்" என்று இடது கையால் வெட்டிச் சொன்னாள்.

ஆபரேஷன் நேரத்தில் அவர் வராந்தாவை அளந்துகொண்டிருந்தார்.

"உக்காருங்க மாமா, தரை தேஞ்சிரப் போகுது" என்றான் துணைக்கு வந்த மச்சினன்.

வெளியே கொண்டுவந்தபோது கை மரக்கட்டைபோல் கிடந்தது. மரத்துப்போக ஊசி போட்டிருப்பதாகவும், காலையில் சரியாகிவிடும் என்றும் நர்ஸ் சொன்னார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

விடிந்ததும் கட்டுக்கு வெளியே கட்டைவிரல் அசைந்தது. பிறகு ஆள்காட்டி விரல். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு, மெதுவாக, விரல்களாலேயே ஏதோ சொன்னாள்.

டீயோடு உள்ளே வந்த மச்சினன் பதறிப்போனான். "என்னாச்சு மாமா? ஏன் அழறீங்க?"

"தலையணை கல்லு மாதிரி இருக்காம்டா மாப்ள!" என்றார் அவர். சட்டைக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேறு தலையணை தேடி வார்டு முழுக்க ஓடினார்.