அடுத்த மாதத்துத் தேதி

பஸ் முன்பதிவு கவுண்டரில் பன்னிரண்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறாள். வரிசையில் நிற்பவர்கள் வைத்த பட்டப்பெயர் ‘இல்லை மேடம்’. சீட் இருந்தால்தானே இருக்கு என்று சொல்ல முடியும்? வீட்டிலிருந்தா எடுத்து வந்து போடுவாள்?

அன்று மூன்றரை மணிக்குக் கைப்பையிலிருந்து தன் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தாள். நான்கு மணி பஸ், சரி. தேதிதான் அடுத்த மாதம். முப்பது நாள் முன்னால் பதிவு திறக்கும் என்பதால், காலைக் கூட்டம் மொத்தமும் அந்த முப்பதாவது நாளைத்தான் கேட்கும். இரண்டு ஆட்களுக்கு நடுவே அவசரமாகத் தனக்கும் ஒன்று போட்டபோது, பாழாய்ப்போன விரல் பழக்கதோஷத்தில் அதே தேதியைத் தட்டித் தொலைத்திருந்தது. ஊருக்கெல்லாம் “தேதியப் பாத்துக்குங்க” என்று கத்துகிறவள், தன்னுடையதை மட்டும் பார்க்கவில்லை!

விடிந்தால் அப்பாவுக்கு இதய ஆபரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதி என்றுவிட்டார் டாக்டர். உள்ளே கொண்டுபோகுமுன் ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். மண் சரிந்ததிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்குப் போகும் மலைப்பாதையில் கார்களை விடுவதில்லை. ஒரு நாளைக்கு ஒரே பஸ்தான், அன்றைய பஸ்ஸில் கடைசி சீட்டை மத்தியானம் இவளேதான் விற்றிருந்தாள்.

வரிசையை அப்படியே விட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

“அண்ணே, படியிலயாவது உக்காந்துக்கிறேன். உங்க கால்ல விழறேன்ணே.”

“ஒரு ஆள் கூடுதலா இருந்தாலும் செக்போஸ்ட்ல இறக்கி விட்டுடுவாங்கம்மா. உனக்குத் தெரியாததா?” என்றார் கண்டக்டர்.

மானத்தை விட்டு ஒவ்வொரு சீட்டாகக் கேட்டாள். பலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஒரு அம்மா மட்டும், “எனக்கும் ஆஸ்பத்திரிதாம்மா,” என்று அழுதாள். அவளிடம் எப்படிப் பிடுங்குவது?

நான்கு மணிக்குப் பஸ் போய்விட்டது. கவுண்டர் நாற்காலியில் வந்து விழுந்தாள். வரிசை அப்படியே நின்றிருந்தது. போன் அடித்தது. தங்கை.

“அக்கா, அப்பா பேசணுமாம்.”

கண்ணாடிக்கு வெளியே பேச வைத்திருக்கும் மைக்கை அவள் அணைக்கவே இல்லை. அது அவளுக்கு நினைவிலும் இல்லை.

“பஸ் ஏறிட்டியாம்மா?” போனில் அப்பாவின் குரல் கம்மியிருந்தது.

“ஏறிட்டேன்பா.” வெளியே ஸ்பீக்கரில் அவள் குரல் கணீரென்று கேட்டது. அவள் பஸ்ஸுக்கு ஓடியதையும் அது அவளை விட்டுப் போனதையும் வரிசை பார்த்திருந்தது. “ஜன்னலோர சீட்டுப்பா. காத்து நல்லா வருது.”

சில்லறையால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்த ஆள் கையை இறக்கிக்கொண்டார்.

“நீங்க தூங்குங்கப்பா. நான் வந்து எழுப்பறேன்.”